நான்காவது பாகத்தில் எதை மாற்றலாம்?

பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேம் சீரிஸில் வேலை பார்ப்பது, புதிதாக ஒரு கேம் செய்வதைவிடக் கஷ்டம். புது கேமுக்காக யாரும் காத்திருப்பதில்லை. சீரிஸின் அடுத்த பாகத்துக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அது எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முடிவும் இருக்கிறது. அதே மாதிரி செய்தால் "பழசையே திரும்பக் கொடுத்துட்டாங்க" என்பார்கள். மாற்றினால் "இது நாங்க விரும்பின கேமே இல்லை" என்பார்கள். பல சமயம் இரண்டையும் சொல்வது ஒரே ஆளாகவே இருக்கும், இரண்டிலும் நியாயமும் இருக்கும்.

நான் ஒரு சின்ன ஸ்டூடியோவில் லெவல் டிசைனர்; ஆட்டக்காரர் கடந்து போகும் கட்டங்களை அமைப்பது என் வேலை. நாங்கள் செய்யும் புதிர் சாகச சீரிஸின் நான்காவது பாகம் வெளிவந்து கொஞ்ச நாள் ஆகிறது. அதைச் செய்யும்போது, நான் விளையாடி வளர்ந்த பெரிய சீரிஸ்களை எல்லாம் மறுபடி எடுத்து, இந்த முறை ஒரு டிசைனரின் கண்ணோடு விளையாடினேன். எங்கே ரிஸ்க் எடுத்தார்கள், எங்கே கை வைக்காமல் விட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கேம் செய்கிறவர்களுக்கும், பிடித்த சீரிஸ் மாறும்போது குழம்பிப் போகிற ரசிகர்களுக்கும் அது பயன்படும் என்று எழுதுகிறேன்.

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் சீரிஸின் நான்காவது பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேமராவைத்தான் சொல்வார்கள். அதுவரை அறையின் மூலையில் அசையாமல் நின்ற கேமராவை, 2005-இல் ஷின்ஜி மிகாமியின் குழு நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆக்‌ஷன் கேம்கள் அந்த இடத்திலேயே கேமராவை வைத்தன. அங்கே வந்து சேர்வதற்குள் பல வடிவங்களைச் செய்து பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று சீரிஸை விட்டு வெகுதூரம் போய்விட்டதால் டெவில் மே க்ரை என்ற தனி கேமாகவே 2001-இல் வந்தது.

மறுபடி விளையாடியபோது என் கவனம் கேமராவைவிட லியோனின் கால்களில்தான் நின்றது. துப்பாக்கியைத் தூக்கிவிட்டால் அவரால் நகர முடியாது. நின்ற இடத்தில் நின்றுதான் சுட வேண்டும். பக்கவாட்டில் ஒரு அடி விலகக்கூட வழி இல்லை; முழு உடம்பையும் திருப்பித்தான் போக வேண்டும். 1996-இல் வந்த முதல் பாகத்திலிருந்து தொடரும் பழக்கம் இது. முன்னால் ஒருவன் கோடாரியோடு வருகிறான், பின்னால் இன்னொருவனின் காலடிச் சத்தம் கேட்கிறது, சுடுவதா ஓடுவதா என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. சீரிஸின் பயம் அந்தக் கால்களில்தான் இருந்தது. கேமராவை அடியோடு மாற்றியவர்கள் அதை மட்டும் தொடவில்லை.

2012-இல் வந்த ஆறாவது பாகத்தில் நடந்துகொண்டே சுடலாம், உருளலாம், தரையில் விழுந்தபடி சுடலாம். விளையாடுகிறவர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததுதான். கேமரா அதே தோளுக்குப் பின்னால்தான் இருந்தது, பழைய நாயகர்களும் இருந்தார்கள். ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. 2017-இல் ஏழாவது பாகம் கேமராவைக் கண்ணுக்குள்ளேயே கொண்டுபோனது. நாயகன் புது ஆள், எதிரி புதுக் குடும்பம். ஆனால் பூட்டிய கதவுகள், சாவிக்கு அலைவது, எதை எடுப்பது எதை விடுவது என்று தவிக்க வைக்கும் சின்னப் பை, உள்ளே போனதும் மூச்சு விட முடிகிற பாதுகாப்பான அறை எல்லாம் திரும்பி வந்திருந்தன. பார்வைக்கு ஆறைவிட ஏழுதான் அதிகம் விலகியது. கையில் எடுத்து விளையாடினால் ஏழுதான் முதல் பாகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எங்கள் வேலைக்கு நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: எதையும் மாற்றுவதற்கு முன், சீரிஸின் உணர்வு எந்தச் சின்ன விதியிலிருந்து பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாயகன் பெயர், உலகம், இசை எல்லாம் முக்கியம்தான். ஆனால் அந்த உணர்வை உண்டாக்குவது பெரும்பாலும் யாரும் விளம்பரத்தில் போடாத ஒரு விதி. அதுவும் பல சமயம் ரசிகர்கள் குறை சொல்லும் விதியாகவே இருக்கும்.

எங்கள் சீரிஸில் விளையாடுபவர் கையில் ஒரு எண்ணெய் விளக்கு இருக்கும். நிலத்துக்கு அடியில் வரிசையாக அறைகள். எண்ணெய் தீர்ந்துகொண்டே வரும், இருட்டுவதற்குள் கதவைத் திறக்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பாகத்துக்கும் வந்த புகார்களில் முதல் இடம் "எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துடுது" என்பதற்குத்தான். அதைச் சரிசெய்வது சுலபம், ஒரு அளவைக் கூட்டினால் போதும். கூட்டியும் பார்த்தோம். சோதனைக்கு வந்தவர்கள் "இப்ப வசதியா இருக்கு" என்றார்கள். ஆனால் முன்பு இரண்டு மூன்று அறை தாண்டியும் கன்ட்ரோலரைக் கீழே வைக்காதவர்கள், இப்போது ஒரு அறை முடிந்ததும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அளவைப் பழையபடி வைத்துவிட்டோம்.

புகாரில் உண்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் தீரும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அவர்களை உறுத்தியது. அந்த எரிச்சல் நிஜம், அவர்கள் சொன்ன மருந்துதான் பொருந்தவில்லை. ரசிகர்கள் எங்கே வலிக்கிறது என்று சொல்வதை அப்படியே நம்பலாம். தீர்வைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

அதனால் எண்ணெயை விட்டுவிட்டு விளக்கை மாற்றினோம். நான்காவது பாகத்தில் விளக்கை எப்போதும் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை, ஓர் இடத்தில் ஊன்றிவிட்டு இருட்டுக்குள் போகலாம். எங்கே ஊன்றுகிறோம் என்பதே புதிர். எங்களுக்கு அது பெரிய ரிஸ்க். மூன்று பாகத்தின் அட்டைப்படத்திலும் கையில் விளக்கோடு நிற்கும் உருவம்தான் இருக்கும்.

முந்தைய பாகங்களை எல்லாம் முடித்த ஒருவரை உட்கார வைத்து, பின்னால் நின்று பார்த்தோம். முதல் அறையிலேயே அவருடைய வலது ஆள்காட்டி விரல் தானாக மேல் பட்டனுக்குப் போனது. பழைய பாகங்களில் விளக்கை உயர்த்திப் பிடிக்கும் பட்டன் அது. புதிய அமைப்பில் அதற்கு வேலை இல்லை, ஊன்றுவதற்கு வேறொரு பட்டன் வைத்திருந்தோம். அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கன்ட்ரோலரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் எண்ணெய் பாதிக்குக் கீழே போய்விட்டது. ஊன்றும் பட்டனைச் சொல்லிக்கொடுத்த பிறகும், பதற்றம் வரும்போதெல்லாம் விரல் பழைய இடத்துக்கே போனது. முடித்ததும் அவர் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அந்த கேம் மாதிரி இல்லை." பட்டன் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கே அது தெரியவில்லை.

ஊன்றும் வேலையை அந்தப் பழைய பட்டனுக்கே மாற்றினோம். அழுத்தினால் விளக்கு முன்பு போலவே உயரும், விரலை எடுத்தால் தரையில் ஊன்றி நிற்கும். அடுத்து வந்த பழைய ஆட்டக்காரர் பழக்கத்தில் அழுத்தினார், விளக்கு உயர்ந்தது. விரலை எடுத்தார், கை காலியாகிவிட்டது. ஒரு கணம் அப்படியே நின்றார். அப்புறம் மெதுவாக இருட்டுப் பக்கம் இரண்டு அடி வைத்து, திரும்பி விளக்கைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அதிலிருந்து எங்கள் குழுவில், விரலின் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அர்த்தத்தை மட்டும் மாற்ற முடியுமா என்பதுதான் எந்தப் புது யோசனைக்கும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி.

புது விதியை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிரெத் ஆஃப் தி வைல்ட். அது செல்டா என்ற சாகச சீரிஸின் ஒரு பாகம். அந்த சீரிஸில் கிடைத்த ஆயுதம் கடைசிவரை கூடவே வரும் என்பது பழைய வழக்கம். 2017-இல் ஆயுதங்கள் உடையும் என்று ஆக்கினார்கள். அந்த விதியை இன்னும் வெறுப்பவர்கள் உண்டு. ஆனால் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஆட்டக்காரரை ஓர் உயரமான பீடபூமியில் விட்டு, கீழே இறங்க வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள். அங்கே முதலில் கிடைக்கும் ஆயுதங்களில் ஒன்று மரக்கிளை. நாலு அடி அடித்தால் உடைந்துவிடும். மரக்கிளை உடைந்தால் யாருக்கும் மனசு வலிக்காது, இன்னொன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். நல்ல வாள் கைக்கு வருவதற்குள் உடைவது என்பது பழகிப்போயிருக்கும். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் கடினமான விதியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாங்கள் இதை நேராகவே எடுத்துக்கொண்டோம்: எங்கள் முதல் அறையில் விளக்கை எங்கே ஊன்றினாலும் கதவு தெரியும்.

அடுத்தது பணமும் நேரமும். ரிஸ்க் என்றால் துணிச்சல் என்று மட்டும் பேசுகிறோம். ஒரு ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து பார்த்தால், ரிஸ்க்குக்கு ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது. புது யோசனையைச் சரியாக வர வைக்க அதைப் பலமுறை செய்து, கலைத்து, மறுபடி செய்ய வேண்டும். அதற்கான நேரத்தை வேறு எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும்.

இதற்கு அதே செல்டா சீரிஸின் மஜோராஸ் மாஸ்க்கை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1998-இல் அதற்கு முந்தைய பாகமான ஒக்கரினா ஆஃப் டைம் வந்து பெரிய வெற்றி. அதன் நிலவறைகளை மட்டும் மாற்றி இன்னொரு பதிப்பாகக் கொண்டுவரலாம் என்ற யோசனை இருந்தது. அந்த நிலவறைகளை வடிவமைத்த ஐஜி அவோனுமாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியானால் ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் புது கேம் ஒன்றைச் செய் என்றார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் புதிதாக எல்லாம் வரைய முடியாது. ஒக்கரினாவின் பாத்திர உருவங்களையும் அதன் தொழில்நுட்பத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அப்படி மிச்சமான உழைப்பை எல்லாம் ஒரே யோசனையில் போட்டார்கள்: மூன்று நாளில் நிலவு விழுந்து உலகம் அழியும், அந்த மூன்று நாளையே ஆட்டக்காரர் மறுபடி மறுபடி வாழ வேண்டும். ஊரில் ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் ஒரு தினசரி அட்டவணை. 2000-இல் வந்த அந்த கேம், தெரிந்த முகங்களை வைத்தே சீரிஸின் மிக விசித்திரமான பாகமாக ஆனது. பழைய பொருள்களைத் திரும்பப் பயன்படுத்துவதை சோம்பேறித்தனம் என்று திட்டுகிற ரசிகர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். மிச்சம் பிடித்ததை எங்கே செலவு செய்தார்கள் என்று பாருங்கள்.

யாக்குசா சீரிஸும் இதே பாதைதான். 2005-இலிருந்து தெருச் சண்டைதான் அதன் உயிர் என்று இருந்தது. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி, மாறி மாறி முறை வைத்து அடிக்கும் ஒரு சண்டைக் காட்சியை ஸ்டூடியோ வெளியிட்டது. எல்லோரும் ஏப்ரல் ஃபூல் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் உண்மையாகவே அப்படி ஒரு கேம் வருகிறது என்று அறிவித்தார்கள். 2020 ஜனவரியில் ஜப்பானில் வந்த லைக் எ டிராகன் அதுதான். சண்டை முறை புதிது, நாயகன் புதிது, ஊர் புதிது. ஆனால் தெருவில் நடந்து போகையில் ஒட்டிக்கொள்ளும் கிளைக்கதைகள், கரோக்கி, கண்ணீரும் கூத்தும் கலந்த கதை சொல்லும் விதம் எதுவும் மாறவில்லை. முறை வைத்து அடிக்கும்போதும் பக்கத்தில் சைக்கிள் கிடந்தால் அதைத் தூக்கி அடிப்பார்கள், பழைய சண்டைகளில் நாம் செய்த மாதிரியே. இன்னொன்றும் செய்தார்கள்: புது நாயகன் இச்சிபான் சின்ன வயதிலிருந்து, முறை வைத்து அடிக்கும் டிராகன் குவெஸ்ட் கேம்களின் பைத்தியம், அதனால் சண்டைகளை அவன் அப்படித்தான் பார்க்கிறான். மாற்றத்துக்கான காரணத்தைப் பாத்திரத்தின் மனசுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

இதெல்லாம் சொல்வதால் மாற்றாமல் இருப்பது கோழைத்தனம் என்று ஆகிவிடாது. டிராகன் குவெஸ்ட் IX முதலில் நேரடி ஆக்‌ஷன் சண்டையோடுதான் அறிவிக்கப்பட்டது. ரசிகர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது, முறை வரும்போது கட்டளையைத் தேர்ந்தெடுத்து அடிக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். 2009-இல் வெளிவந்து ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. பின்வாங்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த சீரிஸ் கொடுக்கும் வாக்கே "நிதானமாக யோசித்து அடி" என்பதுதான். சண்டையைப் பழையபடி வைத்துவிட்டு ரிஸ்க்கை வேறு இடத்தில் எடுத்தார்கள். முதன்மைப் பாகத்தையே கையடக்கக் கருவிக்குக் கொண்டுபோனார்கள், தெருவில் எதிரே வருகிறவரின் கருவியிலிருந்து புதையல் வரைபடம் நம் கருவிக்கு வந்து சேரும்படி செய்தார்கள்.

தோற்ற ரிஸ்க்குகளைப் பற்றியும் பேச வேண்டும். 1997-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் III வந்தபோது பழைய முகங்களில் ரியூவும் கென்னும் மட்டும்தான் இருந்தார்கள், மற்றவர்கள் எல்லாம் புதியவர்கள். இரண்டாம் பாகத்துக்குச் சேர்ந்த கூட்டம் இதற்குச் சேரவில்லை. 2008-இல் நான்காவது பாகம் வந்தபோது இரண்டாம் பாகத்தின் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூட்டி வந்தார்கள். கணக்குப்படி பார்த்தால் மூன்றாவது பாகம் தோல்வி. ஆனால் அதில்தான் அடி விழும் சரியான கணத்தில் ஸ்டிக்கை எதிராளியின் பக்கம் தட்டி அடியைத் தடுக்கும் பாரி என்ற விதி வந்தது. 2004-இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில், தன் பாத்திரத்துக்குக் கிட்டத்தட்ட உயிரே இல்லாத நிலையில் டைகோ உமேஹாரா, எதிரே ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லீ என்ற பாத்திரம் அடித்த பதினைந்து அடிகளையும் ஒவ்வொன்றாகத் தடுத்துத் திருப்பி அடித்ததை இன்றும் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2023-இல் வந்த ஆறாவது பாகத்திலும் அந்த விதி வேறு உருவத்தில் இருக்கிறது. ஒரு பாகம் விற்காமல் போகலாம், அதில் கண்டுபிடித்தது சீரிஸின் சொத்தாக நிற்கும். எங்கள் குழுவில் கைவிட்ட யோசனைகளை எல்லாம் விளையாடக்கூடிய நிலையிலேயே சேமித்து வைப்பதற்கு இதுதான் காரணம்.

அசாசின்ஸ் கிரீட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009-இலிருந்து 2015 வரை வருடா வருடம் ஒரு பாகம். 2014-இல் யூனிட்டி பிழைகளோடு வந்து பெயர் கெட்டது. 2016-இல் நிறுத்தி மூச்சு வாங்கி, 2017-இல் ஆரிஜின்ஸ் மூலம் புது வடிவம் எடுத்தார்கள். வருடா வருடம் வரும் சீரிஸில் பெரிய மாற்றம் வராது என்பது எழுத்தாளர்களின் குறையோ கலைஞர்களின் குறையோ இல்லை. கலைத்துப் பார்க்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு நாகரிகத்தை வளர்த்துக்கொண்டு போகும் சிவிலைசேஷன் சீரிஸின் குழுவில் ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்றில் ஒரு பங்கு பழையபடி, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு முழுக்கப் புதிது. தொடங்குகிறவர்களுக்கு நல்ல அளவுகோல். ஆனால் எந்தப் பங்கில் எது போகிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. 2010-இல் ஐந்தாவது பாகம் கட்டங்களை அறுகோணமாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்றது. அந்த மாற்றத்தோடு சண்டை போட்டுக்கொண்டே எல்லோரும் பழகினார்கள். 2025-இல் ஏழாவது பாகம், யுகம் மாறும்போது உங்கள் நாகரிகத்தையே மாற்றச் சொன்னது. அதற்கு வந்த எதிர்ப்பு வேறு மாதிரி. ஒரே மக்களைக் கற்காலத்திலிருந்து விண்வெளி வரை கொண்டுபோவதற்குத்தான் பலர் அந்த சீரிஸுக்கே வந்தார்கள். லியோனின் கால்களைப் போன்ற இடம் அது என்று நான் நினைக்கிறேன்.

ரசிகர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அறிவிப்பு வந்த அன்று எழும் கோபத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2000-இல் நிஜம் போன்ற உருவங்களோடு ஒரு செல்டா வாள்சண்டையைக் காட்டிவிட்டு, 2001-இல் கார்ட்டூன் மாதிரி இருந்த விண்ட் வேக்கரைக் காட்டியபோது பலருக்கு ஆத்திரம். இன்று அந்தக் காலத்து நிஜம் போன்ற கேம்கள் பலவும் பழசாகத் தெரிகின்றன, விண்ட் வேக்கர் இன்னும் அழகாக இருக்கிறது. நான் இப்போது எந்த சீரிஸின் புதுப் பாகத்தையும் வெளிவரும் முன்பே வாங்குவதில்லை, ட்ரெய்லரை வைத்துத் திட்டுவதும் இல்லை. புது விதி பழகி, அதை வைத்து நானே ஒரு தந்திரம் கண்டுபிடிக்கும் இடம் வரை விளையாடுவேன். அதுவரை போயும் பிடிக்கவில்லை என்றால் மனசார விட்டுவிடுவேன். அந்தப் பாகம் எனக்கானது இல்லை, சரி, பழைய பாகங்கள் எங்கேயும் போய்விடவில்லை.

எங்கள் ஐந்தாவது பாகத்துக்கான பேச்சு இப்போது தொடங்கியிருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து விளையாடும்படி செய்யலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். விளக்கு ஒருவரிடம், எண்ணெய் இன்னொருவரிடம். தனிமைதான் இந்த சீரிஸின் பயம் என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு பேர் பக்கம்தான், ஆனால் நான்காவது பாகத்தின் அறைகளையே திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. சுவர்களைப் புதிதாக வரைவதில் செலவாகும் மாதங்கள், இருட்டில் ஒருவரை விட்டு இன்னொருவர் விலகும் அந்தத் தூரத்தைச் சரிசெய்யத் தேவைப்படும். முதல் மாதிரி அடுத்த வாரம் தயாராகிவிடும். விளக்கு கையில் இல்லாதவர் முதலில் எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்று பார்க்க வேண்டும்.